மலையேறுங்க

கல்லோடையில் விளக்கு அணைவதில்லை. எண்ணெய் தீர்ந்தாலும் சரி, காற்று வாரி அடித்தாலும் சரி, விளக்கு மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும், அணைந்தது என்று சொன்னவளுக்கு மாமியார் கையால் மண்டையில் ஒரு குட்டு உண்டு. ஆள்மேல் இறங்கிய சாமி ஆடி முடித்துப் போனால் சாமி மலையேறியது. மழை மாதம் தவறாமல் பெய்த காலத்தை நினைத்து யாராவது பெருமூச்சு விட்டால், அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் இப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் எந்த மலை என்று ஒரு மனிதரும் கேட்டதில்லை. அது கல்லோடைக்குப் பின்னால் நிற்கிற மலைதான் என்பது, பவுன்தாய் தன் புருஷனைப் படத்தில் பார்த்த அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

பவுன்தாய் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பின்னணியில் மலை இருக்க வேண்டும் என்று கேட்கிற ஊர் அது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மருந்துக்கடை ஜமால் பாய் கூட்டிக்கொண்டு போகிற நடைக்கூட்டத்தோடு கேமராவை மாட்டிக்கொண்டு அவளும் மலைக்குப் போவாள். மற்றவர்கள் சர்க்கரை குறைய நடந்தார்கள், அவள் பின்னணிக்காக நடந்தாள். அடிவாரத்தில் யானைப்பாறை, அதற்கு மேலே கூரையில்லாத பாதிமண்டபம், அதற்கும் மேலே வற்றாத சுனை, உச்சியில் யார் நட்டதென்று தெரியாத கொடிக்கல், இவைதான் அந்த மலைக்கு அடையாளம். விடியலில் எடுத்த படம் கல்யாணத்துக்கு, பொழுது சாய எடுத்த படம் அஞ்சலிக்கு. கைக்கு வேலை கூடிவிட்ட நாட்களில் ஒரே படத்தை இடவலம் திருப்பி, மஞ்சளைக் கூட்டிக் குறைத்து இரண்டுக்கும் வைத்துவிடுவாள். மாப்பிள்ளையும் கேட்டதில்லை, செத்தவரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் வீரணன் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். கோபத்துக்கு ஊரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ரசத்தில் உப்புக் குறைந்தால் கத்துவான், கூடினால் கத்துவான், சரியாக இருந்தால் தினமும் ஏன் இப்படி வைக்கவில்லை என்று கத்துவான். கத்தி ஓய்ந்ததும் பவுன்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்ன, சாமி மலையேறிடுச்சா?" என்று கேட்பாள், அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிள்ளை இல்லாத வீடு. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அவன் கத்துகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்கு வீடு வீடாக இருந்தது, இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனிப் பொங்கலில், நிஜமாகவே வீரணன் மேல் சாமி இறங்கும். வேட்டைக்காரசாமி. இடுப்பில் சல்லடம் கட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்து, ஊர் எல்லைவரை ஆடிவிட்டு வந்து கோயில் முன்னால் மூச்சு வாங்க நிற்கும்போது, வீரணனின் அக்கா திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசி, "வேட்டைக்காரா, மலையேறு" என்பாள். சாமி போகும், வீரணன் சோடா கேட்பான். பெண்டாட்டி மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள், அதற்குமேல் யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் அக்கா தன் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள், வேறு ரத்த உறவு கிடையாது, சாமியோ மூச்சு இரைக்க நிற்கிறது, மொக்கைச்சாமிப் பூசாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திருநீற்றுத் தட்டைப் பவுன்தாய் கையில் திணித்தார். காலையில்தான் அவளும் வீரணனும் ரசத்துக்காகச் சண்டை போட்டிருந்தார்கள். அவள் சாமி நெற்றியில் பூசினாள், கண்ணை மூடிக்கொண்டாள், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சாமி, மலையேறுங்க."

வீரணனின் உடம்பு ஒருதரம் குலுங்கி நின்றது. சோடாவை நீட்டினார்கள், கை நீளவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்ததும், மலையைப் பார்த்த வாசலில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, பவுன்தாயைப் பார்த்து, "தாயி, கொஞ்சம் பொரி இருக்குமா?" என்று கேட்டது. வீரணன் அவளிடம் எதையும் இருக்குமா என்று கேட்டவனில்லை. பொரியைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாமி மலையேறவில்லை என்ற செய்தி மறுநாளே ஊர் முழுக்கப் பரவியது. கல்லோடைக்காரர்கள் அதை ஒரு கஷ்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒருநாள், அதுவும் மேளச் சத்தத்தில் ஒன்றுமே காதில் விழாத நேரத்தில் வந்து போகிற சாமி, இப்போது வீட்டோடு இருக்கிறது, போய்க் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறது, இதைவிட ஊருக்கு என்ன வேண்டும்? வாசலில் பந்தல் போட்டார்கள். டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், டவுன் பஸ் கேட்காமலே அங்கே நின்றது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வரிசையில் நின்று திருநீறு வாங்கினார்கள், ஆடு தொலைத்தவர்கள் ஆட்டைக் கண்டுபிடித்தார்கள், பேசாமல் இருந்த சம்பந்திகள் பேசினார்கள். தெருநாய்கள் மட்டும் அந்த வாசலைக் கடக்கும்போது வாலைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச் சுவரை ஒட்டிப் போயின. வீட்டு விளக்கு எண்ணெய் ஊற்றாமலே எரிந்தது. சாமி தூங்கவில்லை, கத்தவில்லை, ரசத்தைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு தாயி" என்று சொன்னது. அன்றைக்கு அவள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்திருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும், வீட்டில் கூட்டம் தாங்காமல், யாரோ ஒருவரின் முப்பதாம் நாள் அஞ்சலிக்குப் பின்னணி வேண்டும் என்ற சாக்கில், அவள் கேமராவை மாட்டிக்கொண்டு ஜமால் பாய் கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள். யானைப்பாறைக்கு எதிரே நின்று, பொழுது சாய்கிற வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தாள். சரிவு முழுக்கச் சின்னச் சின்னதாக மஞ்சள் புள்ளிகள். வழக்கமாக வருகிற தூசிதான், வீட்டில் போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், பாறையோரம் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளிகள் தூசியில்லை, விளக்குகள். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, சிம்னி விளக்கு, அகல் விளக்கு, பிடிக்க ஆளில்லாமல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, யானைப்பாறையின் தும்பிக்கைக்குப் பக்கத்தில், சல்லடம் கட்டிய இடுப்பும் வியர்வையில் ஒட்டிய முதுகுமாக, மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான் வீரணன். நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தால் பாறையும் புல்லும்தான் இருந்தன.

"பாய், இங்க வந்து இதப் பாருங்க."

ஜமால் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது வீரணன் நடதான் தங்கச்சி. செருப்புக் கடிச்ச மாதிரி ஒரு பக்கம் இழுத்து நடப்பான்ல" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப வீட்ல உக்காந்திருக்கது யாரு?" என்று கேட்டார். பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய படங்களை எல்லாம் தோண்டி எடுத்தாள். எல்லாவற்றிலும் புள்ளிகள் இருந்தன. இத்தனை வருஷமும் தூசி என்று நினைத்து, மாப்பிள்ளையின் கன்னத்துப் பருவைத் துடைக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக அவளேதான் துடைத்துப் போட்டிருக்கிறாள். துடைக்காத படங்களில் செத்துப்போன ஆட்களும் இருந்தார்கள். வருத்தத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

படத்தைப் பார்த்த ஊர், அதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டது. பெரிதாக அடித்துப் பந்தலில் தொங்கவிடச் சொன்னார்கள், தொங்கவிட்டாள். சனம் திரண்டு வந்து விரலை வைத்து விளக்குத் தேடியது. "இந்தா, கைப்பிடி ஒடஞ்சது எங்க வீட்டு அரிக்கேன்", "இது நாங்க புதுமனை புகுந்தப்ப ஏத்துனது, அன்னைக்கே மலையேறிடுச்சு, சகுனம் சரியில்லன்னு எங்க மாமா சொன்னாரு." ஒரு ஓரத்தில் பழைய காலமே ஒரு துண்டாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது: மாட்டுவண்டிகளும் டூரிங் கொட்டகையும், கொட்டகை வாசலில் வரிசையும். தலை நரைத்தவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கறுத்த முடியைத் தேடினார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா மட்டும் படத்துக்குக் கிட்டே வரவில்லை. அவள் புருஷன் தவசி, கல்யாணமான இரண்டாம் வருஷம், கிணற்றில் தூர்வாரப் போய் அங்கேயே உயிர் போனவன், அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. "பாத்து என்னத்த ஆகப் போகுது பவுனு, மலையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் முற்றம் கூட்டப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வீரணன் பாதிமண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில் தெரிந்தான். அதற்கு அடுத்த ஞாயிறு சுனைக்கரையில். ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகத் தொடர் பார்க்கிற மாதிரிக் காத்திருந்தார்கள். "பரவாயில்லையே, நல்லா நடக்காரே", "இளைக்கக்கூட இல்ல பாரு" என்று பேசிக்கொண்டார்கள். பவுன்தாய் மட்டும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கானாலும் ஆளானாலும், சில வருஷக்கணக்காக ஒரே இடத்தில் தயங்கி நின்றன, சில விறுவிறுவென்று ஏறின. போன வாரம் கொடிக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு எதுவும் இந்த வாரப் படத்தில் இல்லை. கொடிக்கல்லுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எந்தப் படத்திலும் விழவில்லை, ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம் வானம்தான். சுனைக்கும் கொடிக்கல்லுக்கும் நடுவே வேறு அடையாளம் கிடையாது.

தான் செய்த தப்பு அவளுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது, அதுவும் சோறு போடுகிறபோது. பந்தலில் ஒரு கிழவர், "சாமி, நீதான்யா என் மகனுக்குப் புத்தி சொல்லணும்" என்று அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவள், "வேட்டைக்காரா, கண்ணத் தொறந்து பாரு" என்றாள். நீ, வா, போ, பாரு. பெற்றவளையும் சாமியையும் யாரும் மரியாதை போட்டுக் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு, பழக்கத்தில், "சாப்பிடுங்க" என்றாள் பவுன்தாய். அவள் சொல் அவள் காதிலேயே விழுந்தது. சாமிக்கு ஏது ங்க? அந்த முகத்தைப் பார்த்து அவள் போடுகிற ங்க அவள் புருஷன் ஒருவனுக்குத்தான். மலையேறுங்க என்று சொன்னதும் சாமி அது தனக்கில்லை என்று நின்றுவிட்டது, அந்த ங்க யாருக்கோ அவர் கிளம்பிவிட்டார்.

பூசாரியிடம் ஓடினாள். மொக்கைச்சாமிப் பூசாரி கேட்டுவிட்டு வாயில் கைவைத்தார். "அடி ஆத்தாடி, அதுக்குத்தான் பொண்டாட்டி வாயால சொல்ல விடுறதில்ல போல. எங்கப்பனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"இப்ப சரியாச் சொல்லி அனுப்பிரவா?"

"ஆளு திரும்பாம சாமிய அனுப்புனா கூடு காலியா விழுந்துரும் ஆத்தா. மொத ஆளு வரணும்." சொல்லிவிட்டு, பந்தலில் கேட்காத தூரம்தானா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. இத்தன வருஷம் ஊரு இப்படி ஒத்துமையா இருந்ததில்ல. வீரணன் மலையில நல்லாத்தான் இருக்கான், நீயும் வாரா வாரம் படத்துல பாத்துக்கிற. அப்படியே விட்டுரு. ஊருக்காகச் சொல்றேன்."

"உங்க வீட்டு ஆளா இருந்தா விடுவீங்களா?" என்றாள். அவர் திருநீற்றுத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஊரில் அன்றைக்கு யாரிடம் கேட்டாலும் அதே வார்த்தைதான் வந்தது, கத்துகிற புருஷனைக் கொடுத்துக் கத்தாத சாமியை வாங்கியிருக்கிறாள், கிறுக்கி, மாற்றக் கேட்கிறாள் என்று.

அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பினாள், ஜமால் பாய் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். யானைப்பாறையைத் தாண்டி, பாதிமண்டபத்தில் உட்காராமல், சுனையில் தண்ணீர் குடிக்காமல், முட்செடி சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க ஏறினார்கள். வெயில் இருந்தது, பறவை இல்லை. சுனைக்கு மேலே சரிவில் நின்று மூச்சைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். வீரணன் கொடிக்கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பக்கமாகக் காலை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி விளக்குகளும் ஆட்களும் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள்.

பவுன்தாய் கேமராவை இறக்கி, வாயைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"என்னங்க!"

மலை முழுக்க அது உருண்டது. அவசரமாக ஒரு படம் எடுத்துத் திரையைப் பார்த்தாள். மலையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி கட்டியவர், காக்கிச் சட்டை போட்டவர், ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தவர், தாடையைச் சுற்றிக் கட்டிய துணியோடு ஒருவர். அநேகம் பேரை அவளுக்குத் தெரிந்திருந்தது. ரேஷன் கார்டிலிருந்தும் கல்யாணப் படத்திலிருந்தும் அவர்கள் முகத்தை வெட்டி எடுத்து, காதோரம் சீர் செய்து, கண்ணீர் அஞ்சலிக்கு வைத்தவளே அவள்தான். ஊரில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட வேறு சொல் ஏது? அத்தனை பேருக்கும் அது தங்கள் வீட்டிலிருந்து வந்த சத்தம். ஒரே ஒரு முதுகு மட்டும் திரும்பவில்லை. அது அவளுடையது. வீட்டிலும் முதல் கூப்பாட்டுக்கு என்றைக்குத் திரும்பியிருக்கிறான்?

"பாய், அவரு திரும்பலியே!"

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. விண்ணப்பப் பாரத்தில் எழுதுவாள், யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லியிருந்தாள். மலையேறிவிட்ட மனிதனுக்கு இனிக் குறைவதற்கு என்ன ஆயுசு இருக்கிறது என்று நினைத்தாள். கொடிக்கல்லைப் பார்த்து, ங்க இல்லாமல், மரியாதை இல்லாமல், பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சாமியைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தினாள்.

"வீரணா! ஏ வீரணா! இறங்கு!"

அடுத்த படத்தில் அவன் திரும்பியிருந்தான். மூக்கு விடைத்து, புருவம் நெரிந்து, ரசத்தில் உப்புக் கூடிய நாளில் பார்க்கிற அதே பார்வை. அந்தக் கோபத்தைக் கண்டதும் பவுன்தாய்க்குப் போன உயிர் வந்தது. பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்தபோது மலையில் வீரணன் இல்லை. விளக்குகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன, ஆண்கள் ஒருவரும் இல்லை. கீழே, ஊருக்குப் போகிற பாதையில், ஒரு இலைகூட அசையாத வெயிலில், புழுதி கிளம்பி நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

"தங்கச்சி," என்றார் ஜமால் பாய், புழுதியைப் பார்த்தபடி, "நீ எத்தன பேரக் கூப்பிட்ட?"

"ஒருத்தரத்தான் பாய்," என்றாள்.

அவர்கள் இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது, யாரும் வழிமறிக்கவில்லை, முறைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். சாமி வாசலில் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், நிலைப்படிக்கும் கதவுக்கும் நடுவே, யாரோ மூச்சிரைக்க நிற்பது அவளுக்குத் தெரிந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வந்துட்டானா தாயி?" என்றது சாமி.

"வந்துட்டாரு."

சாமி வாசல்படியைக் கையால் தடவியது. "நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேனே. மலையில எனக்கு ரசம் வைக்க யாரு இருக்கா? வருஷத்துல ஒருநாள் கூப்பிடுறீங்க, கூப்பிட்ட மறுநிமிஷம் போகச் சொல்றீங்க."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். பவுன்தாய்க்கும் பாவமாகத்தான் இருந்தது, இத்தனை நாள் சோறு போட்ட கை அது. ஒரு குத்துப் பொரியை அள்ளி அதன் மடியில் கட்டினாள், திருநீற்றைப் பூசினாள், காலில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து நின்று, நாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"வேட்டைக்காரா, மலையேறு."

எண்ணெயில்லாமல் எரிந்த வீட்டு விளக்கும் கூடவே மலையேறியது. வீரணனின் உடம்பு சரிந்து அவள் மடியில் விழுந்தது. பூசாரி தண்ணீர் தெளித்தார். இமை ஒருதரம் அடித்தது, இன்னொருதரம் அடித்தது.

"ஏண்டி, மலையே கேக்க எம்பேரச் சொல்லியா கூப்பிடுவ? இறங்கு வேறயா? நான் என்ன பரண்மேல ஏறுன ஆட்டுக்குட்டியா?" என்றான் வீரணன். "எவன் இந்தப் பந்தலப் போட்டது? நடக்க வழியில்லாம! எங்க சோடா?"

பவுன்தாய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. "அவ்வளவுதான், இனி இவரு கத்துறதத்தான் கேக்கணும்" என்று முனகிக்கொண்டு டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கினார்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். வீரணன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ரசத்தைப் பற்றி இரண்டாம் சுற்றுக் கத்தல் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வாசலில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டுப் பவுன்தாய் எட்டிப் பார்த்தாள். பேச்சியக்கா விளக்குமாறும் கையுமாக நின்றாள். எதிரே, அந்த மங்கல் வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற மாதிரி, இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன், இடுப்புவரை சேறு, தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டிய தண்ணீர் தரையை நனைக்கவில்லை.

"அம்மா, இது பேச்சி வீடுதானே? அவ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு," என்றான் அவன். "நீங்க அவளுக்கு யாரு? பெரியம்மா முறையா?"

பேச்சியக்காவின் கையிலிருந்த விளக்குமாறு நழுவியது. அவள் தலையில் ஒரு கறுத்த மயிர் கிடையாது, பல்லில் பாதி கிடையாது. நான்தான் என்று சொல் என்று பவுன்தாய் மனதுக்குள் கத்தினாள். பேச்சியக்கா அந்த முகத்தை உச்சியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள், நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தாள்.

"ஆமாப்பா, பெரியம்மாதான்," என்றாள். "அவ மலையேறிட்டாளே. இப்பத்தான் போனா. வெரசாப் போனா பிடிச்சிறலாம்."

"வாரேம்மா," என்று பையன் பெரியவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடினான்.

"ஏக்கா இப்படிச் சொன்ன?" என்று பவுன்தாய் ஓடிப்போய் அவளைப் பிடித்தாள்.

"அவரு தேடி வந்தவ நான் இல்லையே பவுனு," என்றாள் பேச்சியக்கா. வாசல்படியில் மெல்ல உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மலையைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்தது. பவுன்தாய் தோளைத் தொட்டாள், பிறகு உலுக்கினாள். சூடு இருந்தது, ஆள் இல்லை.

அப்போதுதான் அவள் தெருவைப் பார்த்தாள். தெரு நெடுக, வாசல்தோறும், ஆண்கள் நின்றார்கள். பூட்டிய வீட்டு முன்னால் ஒருவர், விற்றுப்போன வீட்டு முன்னால் ஒருவர், மருமகள் மட்டும் இருக்கிற வீட்டு முன்னால் ஒருவர். அவள் துடைத்துச் சீர் செய்த முகங்கள். கூப்பிட்டுவிட்டு ஏன் ஒருத்தியும் வெளியே வரவில்லை என்று புரியாமல், சத்தம் வந்த திக்கில் காதை வைத்துக்கொண்டு, இன்னொருதரம் அந்தச் சொல் கேட்குமா என்று காத்திருந்தார்கள்.

"பவுனு! எங்கடி போய்த் தொலஞ்ச? மோர் எங்க?" என்று உள்ளேயிருந்து கத்தினான் வீரணன்.

பவுன்தாய் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கத்தலுக்கு அவள் சொல்லி வந்த, ங்க போட்ட பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தெருவில் அத்தனை தலைகளும் அவள் பக்கமாக ஒரு விரற்கடை திரும்பின. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"வந்துட்டேன், வீரணா."